செட்டிபாளையத்துக்கு ஒரு பத்மினி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த காசில் கோயமுத்தூர் செட்டிபாளையம் பந்தய ட்ராக்கில் வேகமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 650 கிலோ எடை. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டிவிடுவார். நான் கீழே எழுதப்போகிற தலைவலியில் முக்கால்வாசி உங்களுக்கு வராது.

எனக்கு ஆசை வேறு மாதிரி, கடைசியில் பிரீமியர் பத்மினி என்ற பழைய காரில் போய் நின்றது. பெரியப்பா ஒருவர் வாலிபத்தில் கோயமுத்தூரில் ரயிலேறிப் போய், சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வருவாராம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. ஃபியட் காரும் ஹெரால்டு காரும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி வளைவில் நுழைந்த கதையைப் பொங்கலுக்குப் பொங்கல் கேட்டே வளர்ந்தேன். அதனால் வண்டி பழையதாக இருக்க வேண்டும், பின்சக்கரம் தள்ள வேண்டும், மூன்றரை லட்சத்துக்குள் முடிய வேண்டும். கணபதியில் பம்பு ஷாஃப்ட் கடைகிற சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன் என்பதால் கைக்கூலியில் பாதி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு மட்டும் சரியாக வந்தது.

ட்ராக் பற்றித் தெரியாதவர்களுக்கு: செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே 2003 முதல் நடக்கிறது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன எஸ். கரிவரதன் பெயரில் அமைந்தது. மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்து, கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டை இன்னும் நாலு பேர் கைக்கு எட்ட வைத்தவர் அவர். சல்லிசாகப் பந்தய வண்டி கட்டுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கதை.

எந்த வண்டி என்று முடிவு செய்யவே நாலு மாதம் ஆனது. அம்பாசடரை முதலில் தள்ளினேன். 1489 சிசி இன்ஜின் நல்ல இன்ஜின்தான், ஆனால் வண்டி 1,100 கிலோவுக்கு மேல். அந்த எடையை ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நிறுத்தியாக வேண்டும், டயரும் தேயும். ஹெரால்டு மேல் பெரியப்பாவுக்குக் காதல். தனிச் சேசிஸ், பானெட்டை மடக்கென்று முன்பக்கம் கவிழ்த்தால் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். பிரச்சினை பின்பக்கம். ஸ்விங் ஆக்சில், அதாவது பின்சக்கரம் ஒவ்வொன்றும் தன் அச்சோடு சேர்ந்து தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு என்பதால் வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கிக்கொள்ளும், வால் தூக்கும். கற்றுக்குட்டிக்கு அது ஆகாது. தவிர, ஒரு பக்கத்துக் கதவு அடிபட்டால் மாற்றுக் கதவு தேடி மூன்று மாவட்டம் அலைய வேண்டும். பிரீமியர் 118என்இ மேல் கொஞ்சம் சபலம் இருந்தது. நிசானின் 1171 சிசி இன்ஜின், அதன் கியர்பாக்ஸ், கியர் லீவரும் தரையிலேயே. பார்த்த இரண்டு வண்டியிலும் அடித்தகடு சல்லடை மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

மிஞ்சியது பத்மினி. எங்கள் பக்கம் இன்றைக்கும் அதற்குப் பெயர் ஃபியட்தான். 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கரங்கள் தாங்கும் இரட்டை விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும், பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். முன்பக்க அமைப்பு அந்தக் காலத்துக்கு நிஜமாகவே நல்ல அமைப்பு. உதிரிப்பாகம் உக்கடம் பழைய சாமான் கடைகளில் பாதி, கல்யாண வண்டி வாடகைக்கு விடுபவர்களிடம் பாதி கிடைக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப் போவேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒன்று, மாம்பழ நிறத்தில் பளபளவென்று நின்றது. கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தால் ஒட்டவே இல்லை. அரை இஞ்சுக்குப் பட்டி பூசியிருக்கிறார்கள். விலை ஒன்றரை லட்சம். கும்பிட்டுவிட்டு வந்தேன். பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. இன்ஜின் செத்திருந்தால் உயிர் கொடுக்கலாம். ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் கொக்கி, பேட்டரித் தட்டுக்கு அடி, கதவுக்குக் கீழ்ப் பட்டை, இந்த நாலு இடமும் துரு தின்றிருந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் தேடுங்கள் என்பது என் அனுபவம். மழை மறைவுப் பூமி, கொட்டாய்க்குள் நின்ற வண்டி இருபது வருஷம் ஆனாலும் காய்ந்தபடியே நிற்கும்.

நான் வாங்கியதும் தாராபுரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். கட்டுத்தரைக்குப் பக்கத்தில், தென்னங்கீற்றுக்கு அடியில் 1984 மாடல் வண்டி. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பெரியவர் கேட்டார், "ஏனுங் தம்பி, கல்யாண வண்டிக்குங்களா?" ரேசுக்கு என்றேன். சிரிக்கக்கூட இல்லை. "இது அறுவதத் தாண்டுனா ஸ்டேரிங் ஆடுமுங்களே" என்றார் கவலையாக. எழுபதாயிரம் சொன்னார், அறுபத்திரண்டுக்கு முடிந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: "முட்ட பொரியட்டுமுங். பத்து நாள் கழிச்சு வந்து எடுத்துக்கோங்." பத்து நாள் கழித்தே எடுத்தேன்.

பிளக் துளைகளில் சீமெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, நான்காம் கியரில் போட்டுத் தள்ளியதும் சுற்றியது. பிரித்துப் பார்த்தபோதுதான் நிஜமான வியாதி தெரிந்தது. தோட்டத்துப் போர் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து வரும் உப்புத் தண்ணீர் பாத்திரத்தை என்ன செய்யும் என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் தெரியும். பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து இறக்கியிருக்கும் தகர மூடிகளைப் பெயர்த்தால் உள்ளே தண்ணீர் ஓடும் வழியெல்லாம் சுண்ணாம்பு மாதிரிக் கெட்டிப்பட்டிருந்தது. நான்காவது சிலிண்டரைச் சுற்றி வழியே இல்லை. கம்பியை வளைத்துச் சுரண்டிச் சுரண்டி ஒரு டீ டம்ளர் நிறைய எடுத்தேன். "ஃபியட்டுன்னாலே சூடாகும்" என்று ஊரில் சொல்வதில் பாதி இப்படி வந்த பெயராகத்தான் இருக்க வேண்டும். ரேடியேட்டருக்கு மூன்று வரிசைக் கோர் போட்டு, பெல்ட்டில் சுற்றும் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி வைத்தேன். இப்போது கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போவதில்லை.

இன்ஜின் வேலையில் எங்கள் ஊருக்குக் குறையே இல்லை. போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு சீட் எல்லாம் ஒரே தெருவில் முடிந்தது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஹெட்டைச் சமப்படுத்துகிற சாக்கில் அரை எம்எம் சீவினேன், அதற்கு மேல் ஆசைப்படவில்லை. ஆக 52,000. இப்போது யோசித்தால் அந்தப் பணத்தையும் அந்த இரண்டு மாதத்தையும் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும். புது இன்ஜின் சத்தம் கேட்டதும் மனசு நிற்கவில்லை. பிரேக்கைப் பழையபடியே விட்டு, ஷூவும் சிலிண்டர் ரப்பரும் மட்டும் மாற்றி ட்ராக்குக்குக் கொண்டுபோய்விட்டேன்.

நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முதல் சுற்று அருமை. இரண்டாவதில் கருகல் வாசம். மூன்றாவதில் நேர்ப்பாதை முடிந்து மிதிக்கிறேன், பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி பாட்டுக்குப் போகிறது. டிரம்முக்குள் சூடு ஏறினால் வெளியேற வழியில்லை. லைனிங் வழவழவென்று பிடிப்பை விட்டுவிடும், டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகும். செம்மண்ணில் ஒரு முப்பது அடி உழுதுவிட்டுத்தான் நின்றேன். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. தூசி அடங்கியதும் என் தம்பி ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "ஏண்ணா, ஆமணக்கு வெதைக்கலாமா?"

அன்றைக்கு இன்னொன்றும் தெரிந்தது. பத்மினியின் முன்சீட் ஒரே நீளப் பெஞ்ச். வளைவில் நான் சீட்டில் வழுக்கிக் கதவோடு ஒட்டிக்கொள்கிறேன், அடுத்த வளைவில் கியர்பாக்ஸ் பக்கம் சரிகிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குப் பதில் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். பக்கெட் சீட்டும் நாலு முனை பெல்ட்டும் மாட்டிய அடுத்த முறை, வேறெதுவும் மாற்றாமலே வண்டி பாதி அடங்கிவிட்டது.

பிரேக்குக்கு வருவோம். உக்கடத்தில் கழித்துப் போட்ட மாருதி எஸ்டீம் ஒன்றிலிருந்து முன்பக்க பிரேக் டிஸ்க்கும், அதை இருபுறமும் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் எடுத்தேன். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டி, பிறகு பிளைவுட்டில், மூன்றாவதாகத்தான் 12 எம்எம் பிளேட்டில் வெட்டினேன். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள். அட்டையில் சரியாக இருந்தது பிளைவுட்டில் ரிம்மில் உரசியது. ஹப்பின் முகத்தை லேத்தில் சீவி டிஸ்க் உட்காரச் செய்தேன். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து ஆட்டம் நிற்கும்வரை இரண்டு முறை கழற்றிப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆளில்லாத தெருவில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது, சந்தோஷம். திரும்பி வந்து முன்சக்கரத்தில் கை வைத்தால் சுடுகிறது. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் சுற்ற மறுக்கிறது. கால் மணி நேரம் கழித்து லேசாகச் சுற்றியது. காலிப்பர் பிஸ்டன் இறுகிவிட்டது என்று நினைத்து மூன்று முறை பிரித்துத் துடைத்தேன், ஒரு வாரம் போனது. குற்றவாளி காலிப்பரே இல்லை, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்காகச் செய்த பழைய சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்மில் ஷூவை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் எதுவும் செய்யாது. டிஸ்க்கில் பேடை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்தக் கொஞ்ச அழுத்தமே பேடை டிஸ்க்கோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரண்டு வழி உள்ள மாருதி மாஸ்டர் சிலிண்டர் போட்டதும் சரியானது. பழைய ஒற்றை வழி சிலிண்டரில் எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் நாலு சக்கரமும் போய்விடும், அந்தப் பயமும் ஒழிந்தது. பெடல்தான் முன்னைவிடக் கனம். டிரம் ஷூ சுற்றுகிற வேகத்தில் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்த உபகாரம் இல்லை. மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வைக்கவில்லை, என் வலது கால் பழகிக்கொண்டது. பிரேக் ஆயிலையும் மாற்றினேன். புதிதாகப் பிரித்த டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி, டாட் 4-க்கு 230. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அதுவே 140, 155 என்று இறங்கிவிடும். திறந்து ஆறு மாதம் அலமாரியில் கிடந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். நூற்றைம்பது ரூபாய் சாமான் அது.

வண்டி உருண்டால் ஆளைக் காக்க உள்ளே கட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு விஷயத்தில் எங்கள் ஊரில் ஒரு தனிச் சபலம் உண்டு. தடுக்கி விழுந்தால் பைப் கடை. ஒன்றரை இஞ்சு ஜிஐ பைப்பை வளைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் பதினெட்டாயிரம் சொன்னார். அது தண்ணீர் போகிற பைப். துத்தநாகப் பூச்சு மேல் வெல்டிங் அடித்தால் புகையும் கெடுதல், உள்ளே காற்றுக்குழி விழுந்து ஒட்டும் பலவீனம். வண்டி உருண்டால் அங்கேதான் முதலில் பிளக்கும். சர்வதேசப் பந்தய விதிகளில் முதன்மை வளைவுக்கு 45 எம்எம் விட்டம், 2.5 எம்எம் தடிமன் அல்லது 50-க்கு 2 என்று கேட்கிறார்கள். மற்ற கால்களுக்கு 38-க்கு 2.5. கடையில் சிடிஎஸ் சீம்லெஸ், அதாவது இணைப்பு இல்லாமல் இழுத்த குழாய் என்று கேட்டால் புரியும். கால் ஊன்றும் இடத்தில் 3 எம்எம் பிளேட்டை 120 சதுர செ.மீ. அளவுக்காவது உடம்போடு சேர்த்து வெல்டிங் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குழாய் நிற்கும், தகடு கிழியும். எனக்கு 58,000 ஆனது. வண்டி விலைக்குக் கிட்டத்தட்டச் சமம். வீட்டில் அந்த பில்லை மட்டும் நானே எடுத்துக் காட்டினேன், திட்டு விழவில்லை.

கூண்டு ஏறிய பிறகு வண்டியை ரோட்டில் ஓட்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆர்சியில் இருப்பதை மாற்றக் கூடாது என்கிறது. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் செட்டிபாளையம் போகிறது. முறையான பந்தயத்தில் இறங்க வேண்டுமென்றால் இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் வேண்டும். நான் இப்போதைக்கு, பந்தயம் இல்லாமல் அவரவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும் ட்ராக் நாட்களோடு சரி.

டயர்: பழைய அளவு 5.20-14. அதைத் தேடி அலையவில்லை. ஐந்து இஞ்சு அகல ரிம்மில் 175/65 ஆர்14 போட்டேன், தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. விட்டம் மூன்று செ.மீ. போலக் குறைவதால் கியர் குட்டையான மாதிரி ஆகி வளைவிலிருந்து வெளியே வரும்போது சுறுசுறுப்பு. வேகமுள் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அது ஒரு சந்தோஷம். பெட்ரோல் குழாய்கள் அத்தனையும் மாற்றினேன். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துத் தின்றுவிடும். கார்புரேட்டர் ஜெட்டையும் ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருந்தது, பிளக் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

நீளமான வளைவில் ஆயில் லைட் கண் சிமிட்டியது. பிரிக்காமலே தெரிந்துவிட்டது: இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் முழுக்க ஒரு ஓரம் ஒதுங்கி, பம்பு காற்றைக் குடிக்கிறது. பம்பு ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும், கிணற்றில் ஃபுட்வால்வு வெளியே தெரிந்தால் நடக்கிற அதே கதை. சம்ப்பைக் கழற்றிக் குறுக்கே இரண்டு தகட்டுத் தடுப்பு வைத்து வெல்டிங் அடித்தேன், சின்ன ஓட்டைகளோடு. லைட் சிமிட்டுவது நின்றது. முழு வேலையிலும் குறைந்த செலவில் அதிக நிம்மதி கொடுத்தது அதுதான்.

ஆகமொத்தம் மூன்றேகால் லட்சம். ஹெல்மெட்டும் ரெக்கவரி வாடகையும் இதில் சேரவில்லை. மகள் செல்போனில் நேரம் பிடிக்கிறாள். செம்மண் உழுத நாளில் நல்ல சுற்று 1 நிமிடம் 56 வினாடி. போன முறை 1:47. இன்ஜினில் ஒரு குதிரை கூடக் கூடவில்லை. டிஸ்க், சீட், டயர், மூன்றும்தான் அந்த ஒன்பது வினாடி. ஆடி மாதம் மட்டும் போகாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரில் அடித்தால் நாற்பது குதிரையில் பத்து காற்றுக்கே போய்விடும் போலிருக்கிறது. "அப்பா, ஸ்பீடு கம்மி பண்ணீட்டீங்களா?" என்று அம்மணி கேட்டாள். நான் முழுசாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கிராங்கின் பின்பக்கம் ஆயில் கசிகிறது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன். முந்தாநாள் ஐந்து ரூபாய்க் காசு அளவு இருந்த வட்டம், இன்று காலையில் தோசைக்கல் அளவு. கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. செயின் பிளாக் பக்கத்துப் பட்டறையில் இருக்கிறது, வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.